விண்டோஸ், மேக், லினக்ஸ்: மாறும் முன் சரிபார்க்க வேண்டியவை

எந்த இயங்குதளம் நல்லது என்று கேட்டால் எல்லோருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. தினமும் எந்த நிரல்களைத் திறக்கிறீர்கள், எந்தக் கருவிகளை இணைக்கிறீர்கள், கோப்புகள் எங்கே இருக்கின்றன என்பது தெளிவானால் பதில் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். ஸ்டார்ட் மெனு ஓரத்தில் இருக்கிறதா நடுவில் இருக்கிறதா என்பதெல்லாம் இரண்டு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். அச்சிட மறுக்கும் பிரிண்டருக்கோ, வடிவம் குலைந்து திறக்கும் ஆவணத்துக்கோ யாரும் பழகுவதில்லை.

பலருக்கு இப்போது இந்தக் கேள்வி எழக் காரணம் விண்டோஸ் 10. அதன் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. தனிநபர்கள் தங்கள் கணினியைப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் மட்டும் வரும். ஆதரவு நின்ற பிறகும் கணினி வழக்கம்போலவே ஓடும், அதனால்தான் பலர் கவலைப்படாமல் இருந்துவிடுகிறார்கள். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும். வங்கிக் கணக்கையும் மின்னஞ்சலையும் அதே கணினியில் திறப்பவர்கள் தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

விண்டோஸ் 11 ஏறுமா என்பதை மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் நிரல் சொல்லிவிடும். ஏறாது என்று வந்தால் உடனே புது லேப்டாப் பார்க்கக் கிளம்ப வேண்டாம், அது சொல்லும் காரணத்தைப் படியுங்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்பது மட்டும்தான் குறை என்றால், பல கணினிகளில் அது இருந்தும் பயாஸில் (கணினி கிளம்பும்போதே திறக்கும் அடிப்படை அமைப்பில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் போர்டுகளில் பிடிடி, ஏஎம்டி போர்டுகளில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடுங்கள். செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருள் மட்டுமே கணினியைக் கிளப்ப விடும் காப்பு) இல்லை என்று வந்தால் வட்டு பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கலாம். அந்த நிலையில் பயாஸை நேரடியாக யூஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு மாற்றினால் விண்டோஸ் கிளம்பாது. பேக்கப் எடுத்துக்கொண்டு, விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் வட்டை மாற்றிய பிறகே பயாஸைத் தொட வேண்டும். ப்ராசஸரே பட்டியலில் இல்லை என்றால் முறையான வழியில்லை. இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவையும் ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசைக்கு முந்தியவையும் பெரும்பாலும் இப்படித்தான்.

தடையைத் தாண்டி நிறுவும் குறுக்குவழிகள் இணையத்தில் நிறைய உண்டு. அப்படி நிறுவிய கணினிக்குத் தொடர்ந்து புதுப்பிப்பு வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வேலைக்கான கணினியில் அதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று. மாறுவதற்குக் காரணம் வெறும் மந்தம்தான் என்றால், உள்ளே இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க்கா என்று முதலில் பாருங்கள். அதை எஸ்எஸ்டியாக மாற்றுவதும் ராமை 8 ஜிபியாவது ஆக்குவதும் தருகிற வேகத்தை எந்த இயங்குதள மாற்றமும் தராது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி போதும் என்று எழுதியிருப்பது நிறுவுவதற்கு மட்டும்தான். பிரவுசரில் பத்து தாவல் திறந்தால் எந்த இயங்குதளத்திலும் 4 ஜிபி மூச்சு வாங்கும்.

விட முடியாத நிரல் எது?

கடந்த ஒரு மாதத்தில் திறந்த நிரல்களை ஒரு தாளில் எழுதுங்கள். பாதிக்கு மேல் பிரவுசருக்குள் நடக்கும் வேலையாக இருக்கும். அவை எங்கும் ஒன்றுபோலவே ஓடும். மிஞ்சும் இரண்டு மூன்று நிரல்கள்தான் முடிவைத் தீர்மானிக்கும்.

கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கைரேகைக் கருவி போன்றவற்றுக்கு விண்டோஸ் டிரைவர் மட்டுமே வருவது மிகச் சாதாரணம். மேக்கில் பேரலல்ஸ் என்ற நிரலைப் போட்டு விண்டோஸை ஓட்டிக்கொள்ளலாம் என்பார்கள். 2020 நவம்பரில் தொடங்கி வந்த ஆப்பிள் சிலிக்கான் (ஆப்பிளின் சொந்தச் சிப்) மேக்குகளில் விண்டோஸை நேரடியாக நிறுவும் பூட் கேம்ப் கிடையாது, பேரலல்ஸில் ஓடுவது இன்டெல் அல்லாத சிப்புக்கான ஆர்ம் வகை விண்டோஸ். சாதாரண நிரல்கள் அதில் ஓடிவிடும். இன்டெல் கணினிக்காக எழுதிய டிரைவர் ஏறாது. ஆகவே டோக்கன் செருகி வேலை செய்பவருக்கு அந்த வழி அடைபட்டதுதான்.

எக்செல் மேக்கிலும் உண்டு. ஆனால் பவர் பிவட் அதில் இல்லை, ஆக்டிவ்எக்ஸ் பொத்தான்கள் வைத்த மேக்ரோ கோப்புகள் வேலை செய்யாது, தரவுத்தள நிரலான அக்சஸ் மேக்குக்கு வருவதே இல்லை. லினக்ஸில் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸை நேரடியாக நிறுவ முடியாது, அடோபி ஃபோட்டோஷாப்பும் அப்படியே. வைன் என்ற நிரல் மூலம் சில விண்டோஸ் நிரல்கள் லினக்ஸில் ஓடும், ஆனால் பிழைப்புக்கான நிரலை அதை நம்பி விடக்கூடாது. ஒரு அப்டேட்டில் நின்றுபோனால் கேட்க ஆள் இல்லை.

லினக்ஸில் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸுக்குப் பதில் பயன்படும் லிப்ரே ஆஃபீஸைப் பற்றிய புகார்களில் பெரும்பகுதி எழுத்துருவால் வருவது. காலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதில் காலடியா என்று அதே அகலமுள்ள மாற்று எழுத்துருக்கள் உண்டு. அவை நிறுவப்பட்டிருந்தால் வரிகள் இடம் மாறாது. இப்போதைய வேர்டு இயல்பாகப் பயன்படுத்துவது ஆப்டோஸ். அது இல்லாத கணினியில் வேறு எழுத்துரு வந்து உட்காரும், பத்தி அடுத்த பக்கத்துக்குத் தாவும், அட்டவணை உடையும். படிக்க மட்டும் அனுப்புவதை பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். பலர் மாறி மாறித் திருத்தும் ஆவணமென்றால் எல்லோரிடமும் உள்ள எழுத்துருவில் தொடங்குங்கள்.

டெஸ்க்டாப் காலியாகிவிட்டது என்ற அழைப்பு

கோப்பு தொலைந்தது என்று பதறி வருபவர்களில் பலருடைய கோப்பு அழிந்திருக்காது. அது எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. விண்டோஸ் 11 ஹோம் நிறுவும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். அதோடு மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ் பேக்கப்பும் பெரும்பாலும் ஓடத் தொடங்கி, டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போய்விடும். சோதிக்க, டாகுமெண்ட்ஸ் மேல் வலது கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸில் லொகேஷன் தாவலைப் பாருங்கள். பாதையில் ஒன்டிரைவ் என்று இருந்தால் உங்கள் கோப்புகள் அங்கேதான்.

இதில் மூன்று இடங்களில் வழுக்கும். இலவச இடம் 5 ஜிபிதான், நிறைந்ததும் ஒத்திசைவு நின்றுவிடும். இடம் காலி செய்யலாம் என்று இணையத்தில் ஒன்டிரைவுக்குள் போய் அழித்தால் கணினியிலும் அந்தக் கோப்பு போய்விடும், ஏனென்றால் இரண்டும் ஒரே கோப்பின் இரு முகங்கள். ஒன்டிரைவ் மறுசுழற்சித் தொட்டியில் தனிநபர் கணக்குக்கு 30 நாள் இருக்கும், அதற்குள் மீட்டுவிடலாம். மூன்றாவது, மேக அடையாளம் போட்ட கோப்பு கணினியில் இல்லை, இணையம் இருந்தால்தான் திறக்கும். பயணத்துக்கு முன் தேவையான ஃபோல்டரில் வலது கிளிக் செய்து, எப்போதும் இந்தக் கருவியில் வைத்திரு என்ற தேர்வைக் கொடுங்கள்.

இந்த ஏற்பாடு வேண்டாம் என்றால் டாஸ்க்பாரில் உள்ள மேக ஐகானைத் தட்டி, செட்டிங்ஸில் சிங்க் அண்ட் பேக்கப், அதில் மேனேஜ் பேக்கப் போய் ஒவ்வொன்றாக அணைக்கலாம். அணைத்ததும் டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம். கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ளேயே தங்கியிருக்கும், அங்கிருந்து இழுத்துப் பழைய இடத்தில் போடுங்கள். மேக்கிலும் ஐகிளவுடில் டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ் ஒத்திசைவை அணைத்தால் நடப்பது இதுவே. அங்கும் இலவச இடம் 5 ஜிபி. லினக்ஸில் இப்படித் தானாக எதுவும் மேகத்துக்குப் போகாது. அது நிம்மதி, ஆனால் பேக்கப் முழுக்க உங்கள் பொறுப்பு.

ஒத்திசைவு பேக்கப் ஆகாது. ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிகிற ஒன்றை நம்பி இருக்கக் கூடாது. விண்டோஸில் கண்ட்ரோல் பேனலுக்குள் ஃபைல் ஹிஸ்டரி இன்னும் இருக்கிறது. வெளி வட்டு ஒன்றைக் காட்டிவிட்டால் மணிக்கொரு முறை மாறிய கோப்பைப் படியெடுக்கும். மேக்கின் டைம் மெஷின் இந்த விஷயத்தில் இன்றும் மற்ற இரண்டையும்விட எளிது, அதைத் தயங்காமல் சொல்லலாம். மேக்கின் கொள்ளளவைப்போல் இரு மடங்கு வட்டு வாங்குங்கள், அதில் வேறு எதையும் வைக்காதீர்கள், ஏற்பாட்டின்போது வட்டு அழிக்கப்படலாம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்டில் வரும் டைம்ஷிஃப்ட் சிஸ்டத்தை மட்டும்தான் காக்கும். உங்கள் ஹோம் ஃபோல்டர் இயல்பாக அதில் சேராது. இது தெரியாமல் டைம்ஷிஃப்ட் ஓடுகிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர்.

மறையாக்கத்தையும் (சாவி இல்லாமல் வட்டைப் படிக்க முடியாதபடி பூட்டுவது) இங்கேயே சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த பல லேப்டாப்களில் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கும். பயாஸ் அப்டேட், மதர்போர்டு மாற்றம், டிபிஎம் அமைப்பைத் தொடுவது, இவற்றில் ஏதாவது நடந்தால் நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டே நினைவில்லை என்றால், வட்டில் உள்ளதை எந்தப் பழுதுபார்ப்பவராலும் எடுத்துத் தர முடியாது. இன்றே சாவியை எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளில் சேமிப்பகம் எப்போதும் மறையாக்கப்பட்டே இருக்கும். போர்டு செத்தால் தகவலும் போனது, ஆகவே அங்கே பேக்கப் இல்லாமல் இருப்பது துணிச்சல்.

கைப்பழக்கம்

விண்டோஸிலிருந்து மேக்குக்குப் போகிறவர்கள் தடுமாறும் இடங்கள் சில. சிவப்புப் பொத்தான் சன்னலை மூடும், பெரும்பாலான நிரல்களை மூடாது. நிரலை மூட கமாண்ட் கியூ. ஃபைண்டரில் என்டர் தட்டினால் கோப்பு திறக்காது, பெயர் மாற்றக் கேட்கும். திறக்க கமாண்ட் ஓ. கட் செய்து ஒட்டும் வழக்கமும் அங்கு வேறு: கமாண்ட் சி கொடுத்து, போய்ச் சேர வேண்டிய ஃபோல்டரில் கமாண்ட், ஆப்ஷன், வி மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். லினக்ஸில் சின்னமன் மேசைச்சூழல் கொண்ட மின்டைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் பழகிய கை பெரிதாகத் தடுமாறாது.

தமிழில் தட்டச்சு செய்ய மூன்றிலும் தமிழ்99 விசைப்பலகை உண்டு. விண்டோஸில் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துப் பெறலாம், மேக்கில் கீபோர்டு இன்புட் சோர்ஸில் அஞ்சலும் தமிழ்99-உம் இருக்கும். லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலோடு எம்17என் தொகுப்பையும் நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சு விசைப்பலகைகள் பட்டியலில் தோன்றும். பலர் இந்தப் படியில் நின்று, லினக்ஸில் தமிழ் வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் அடித்த பழைய ஆவணங்கள் இருந்தால், மாறும் முன்பே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

லினக்ஸை நிறுவாமலே சோதிக்கலாம்

8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் அல்லது எட்ச்சர் நிரல் கொண்டு லினக்ஸின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் கோப்பை) எழுதி, அதிலிருந்தே கணினியைக் கிளப்பலாம். வட்டைத் தொடாது. பென் டிரைவிலிருந்து ஓடுவதால் மெதுவாகத்தான் இருக்கும், வேகத்தை வைத்து எடை போடாதீர்கள். வைஃபை, ஒலி, மைக், கேமரா, வெளித்திரை, புளூடூத் எல்லாம் ஓடுகின்றனவா பாருங்கள். கைரேகை உணரி வேலை செய்யாமல் போக நல்ல வாய்ப்பு உண்டு. முக்கியமாக, லேப்டாப் மூடியை மூடி, பத்து நிமிடம் விட்டுத் திறந்து பாருங்கள். அதிகம் சறுக்குவது இந்தத் தூக்கத்திலிருந்து விழிக்கும் வேலைதான். பிரிண்டரில் ஏர்பிரிண்ட் வசதி இருந்தால் மேக்கிலும் லினக்ஸிலும் பெரும்பாலும் தனி டிரைவர் தேவைப்படாது.

நிறுவும்போது என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவர் தேர்ந்தெடுத்து, செக்யூர் பூட்டும் இயங்கினால், ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த முறை கிளம்பும்போது நீலத் திரையில் என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். சில நொடியில் அந்தத் திரை போய்விடும், தவறவிட்டால் டிரைவர் ஏறாது.

விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறவர்கள் அதில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் விண்டோஸ் முழுமையாக மூடாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும், லினக்ஸ் அந்தப் பகுதியைப் படிக்க மட்டுமே அனுமதிக்கும். கடிகாரம் மணிக்கணக்கில் மாறிக் காட்டுவதும் கோளாறு அல்ல. விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும் போர்டில் எழுதுவதால் வருவது, லினக்ஸில் ஒரே அமைப்பால் சரியாகும்.

மூன்றுக்கும் இடையே கோப்பு கொண்டுபோக பென் டிரைவை எக்ஸ்ஃபேட்டாக வடிவமையுங்கள். ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது, என்டிஎஃப்எஸ் வட்டில் மேக் படிக்கும், எழுதாது. லினக்ஸில் நகலெடுப்பு முடிந்ததாகக் காட்டிய பிறகும் பின்னணியில் எழுதிக்கொண்டிருக்கும், எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கினால் கோப்பு பாதியில் நிற்கும்.

எத்தனை ஆண்டு புதுப்பிப்பு வரும் என்பதையும் கணக்கில் எடுங்கள். இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டுவில் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பு மட்டும் எடுங்கள். 24.04-க்கு ஐந்தாண்டு ஆதரவு, இடையில் வரும் பதிப்புகளுக்கு ஒன்பதே மாதம். பழைய இன்டெல் மேக் மலிவாகக் கிடைத்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்: இன்டெல்லை ஏற்கும் கடைசிப் பதிப்பு மேக்ஓஎஸ் 26 டாஹோ, அதிலும் சில மாடல்களே சேரும்.

எதற்கு மாறினாலும் பழைய வட்டை உடனே அழிக்காதீர்கள். புது எஸ்எஸ்டி போட்டு அதில் நிறுவி, பழையதை ஒரு யூஎஸ்பி உறையில் போட்டு மூன்று மாதம் அப்படியே வையுங்கள். பிரவுசர் புக்மார்க், மின்னஞ்சல் காப்பகம், நிரல் உரிமச் சாவி, கையொப்பச் சான்றிதழ் ஆகியவை விடுபட்டது முதல் வாரத்தில் தெரியாது, மாதக் கணக்கு முடிக்கும்போதுதான் தெரியும்.