கத்திக்கு முன்னால் ஈரல் சுருங்க வேண்டும்

கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கத்து அண்ணன் ஒருவர் எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்காக குவைத்தில் எங்கள் வார்டில் சேர்ந்திருந்தார். நான் அதே மாவட்டத்துத் தக்கலைக்காரி, அந்த வார்டில் நர்ஸ். ஊர்ப்பேச்சைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. அன்று சாயங்காலம் வீடியோ காலில் வந்த அவருடைய அம்மா, போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

“மக்ளே, எனக்க மோனுக்கு சோறே குடுக்காம போட்டிருக்காவளே. ஆப்பரேசனுக்கு முன்ன நல்லா தின்னு தேற வேண்டாமா? தெம்பில்லாம எப்பிடித் தாங்குவான்?”

நியாயமான கேள்வி. எந்த ஆப்பரேசன் என்றாலும் முட்டையும் சூப்பும் கொடுத்துத் தேற்றி அனுப்புவதுதான் நம் ஊர் வழக்கம். இதற்கு மட்டும் ஏன் தலைகீழ்? அந்த அம்மாவிடம் போனில் சொன்னதை, மகனின் சம்மதத்தோடு, கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அவருக்குச் செய்யவிருந்தது ஸ்லீவ் அறுவை. இரைப்பையை நீளவாக்கில் ஸ்டேப்ளர் கருவியால் தைத்து வெட்டி, முக்கால் பங்குக்கு மேல் வெளியே எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஏத்தங்காய் (நேந்திரங்காய்) போல லேசாக வளைந்த ஒரு குழாய். வெட்டி எடுக்கும் பகுதியில் இரைப்பையின் மேல் குமிழும் சேரும். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அங்கேதான். 1999-இல் கோஜிமா, கங்காவா என்ற ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்த ஹார்மோன் அது. ஆகவே இந்த அறுவையில் வயிற்றின் கொள்ளளவு குறைவதோடு பசியும் அடங்குகிறது.

அந்த மேல் குமிழுக்குப் போகும் வழியில்தான் சிக்கல். கல்லீரலின் இடது மடல் அதன் முன்னால் மூடினாற்போலக் கிடக்கிறது. வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்பி, சின்னத் துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் விட்டுச் செய்யும் வேலை இது. ஈரலை ஒரு கம்பியால் மேலே தூக்கிப் பிடித்தால்தான் குமிழ் கண்ணில் படும். உடல் பருத்தவர்களுக்கு ஈரலிலும் கொழுப்பு ஏறியிருக்கும். வீங்கி, கனத்து, விளிம்பு மழுங்கிப்போய் இருக்கும். தூக்கினால் கிழியலாம், ரத்தம் கசியலாம். இடமே கிடைக்காவிட்டால் வயிற்றைப் பெரிதாகத் திறக்க வேண்டிவரும், அல்லது பாதியில் நிறுத்த வேண்டிவரும். அதற்காகத்தான் இரண்டு வாரப் பத்தியம்: ஒரு நாளைக்கு 800 முதல் 1,000 கலோரி, மாவுச்சத்து மிகக் குறைவு, புரதம் 60 முதல் 80 கிராம்.

சாப்பிடுகிற சோற்றின் ஒரு பகுதியை ஈரல் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது. சுமார் 100 கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு நின்றதும் உடம்பு முதலில் இந்தச் சேமிப்பைத்தான் எடுத்துச் செலவழிக்கும். கிளைக்கோஜன் தீரத்தீர அதைப் பிடித்திருந்த தண்ணீரும் சிறுநீராக வெளியேறும். முதல் சில நாள் ராத்திரியில் எழுந்து எழுந்து போக வேண்டியிருந்தது என்று அண்ணன் சொன்னதற்குக் காரணம் இதுதான். அடுத்து, இன்சுலின் அளவு தாழ்வதால் ஈரல் புதிதாகக் கொழுப்பு செய்வதைக் குறைத்து, தன்னிடம் இருப்பதை எரிக்கத் தொடங்கும். தொப்பை கண்ணுக்குத் தெரியும்படி குறைவதற்கு முன்பே ஈரல் கொழுப்பு கரையத் தொடங்கிவிடும். இரண்டே வாரத்தில் ஈரலின் பருமன் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைவதுண்டு.

தெம்புக்கு என்ன வழி என்று அந்த அம்மா மறுபடியும் கேட்டார். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி சேர்ந்திருக்கிறது. தெம்பு அங்கே கிடக்கிறது, அதை எடுத்துச் செலவழிக்கிறோம், தசை கரையாமல் இருக்கத்தான் புரதம் கொடுக்கிறோம் என்றேன்.

இந்தப் பத்தியத்துக்கு எதிரி நம் பாசம்தான். லீவு முடிந்து திரும்பிய பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கையில் ஏத்தங்காய் சிப்ஸும் முந்திரிக்கொத்தும் வந்திருந்தன. வாரக் கடைசியில் அறை நண்பர்கள் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவிப்பார்கள். 100 கிராம் மரச்சீனியில் ஏறத்தாழ 38 கிராம் மாவுச்சத்து, 160 கலோரி. 300 கிராம் சாப்பிட்டாலே அன்றைய கணக்கில் ஏறத்தாழ பாதி போய்விடும். காலியான கிளைக்கோஜன் தண்ணீரோடு திரும்பி வந்து ஈரலில் உட்கார்ந்துகொள்ளும். அண்ணன் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் நண்பரிடமே கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

சர்க்கரை நோய் இருப்பவர்கள் இந்தப் பத்தியத்தைத் தாமாகத் தொடங்கக் கூடாது. இதை நான் அழுத்தியே சொல்கிறேன். இன்சுலினையும் சில மாத்திரைகளையும் குறைக்காவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் வேறொரு ஆபத்து: மாவுச்சத்து இல்லாத நேரத்தில், ரத்தச் சர்க்கரை சரியாகவே காட்டும்போதும் ரத்தத்தில் அமிலம் ஏறலாம். அறுவைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே அவற்றை நிறுத்துவது இதனால்தான். பத்தியம் தொடங்கும்போதே நிறுத்தச் சொல்வதும் உண்டு. இந்த அண்ணனுக்குச் சர்க்கரையோடு உறக்கத்தில் மூச்சு அடைபடும் கோளாறும் இருந்தது. கடைசி சில நாளை ஆஸ்பத்திரியில் கழிக்கச் சொன்னதற்கு அந்த இரண்டும்தான் காரணம். ராத்திரி முகமூடி வழியே காற்றழுத்தம் கொடுக்கும் சிபேப் கருவியோடு தூங்கிப் பழகினார்.

எண்டோஸ்கோப்பி, வைட்டமின் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முன்பே முடிந்திருந்தன. சிகரெட்டை ஆறு வாரத்துக்கு முன்பே விட்டிருந்தார். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும், தையல் ஆற வேண்டிய இடத்துக்கு ரத்தம் போதாமல் போகும்.

மூன்று பந்து மூச்சுக் கருவிதான் அவருடைய பெரிய வேலை. குழாயை வாயில் வைத்து மெல்ல இழுத்தால் பந்துகள் மேலே எழும். முதல் நாள் இரண்டு பந்து எழுந்தது, மூன்றாவது அடியிலேயே நடுங்கியது. மயக்க மருந்துக்குப் பிறகு நுரையீரலின் அடிப்பகுதி காற்றில்லாமல் ஒட்டிப்போகும், சளி தங்கும், காய்ச்சல் வரும். அதைத் தடுக்கும் பழக்கம் முன்பே கைவர வேண்டும். மூன்றாம் நாள் மூன்று பந்தும் எழுந்தன. அதைப் போனில் அம்மாவுக்குக் காட்டினார்.

அறுவை முடிந்ததும் ஊருக்கு வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மா ஆசைப்பட்டார். அதையும் தள்ளிப்போடச் சொன்னோம். திருவனந்தபுரத்துக்கு விமானத்தில் ஏறத்தாழ 5 மணி நேரம். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தாலே காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். பருத்த உடலும் புதிய அறுவையும் அதை இன்னும் கூட்டும். டாக்டர் சரி என்ற பிறகுதான் டிக்கெட்.

“அப்போ எனக்க கையால மீன்கறி எப்போ திம்பான்?”

முதலில் திரவ உணவு, பிறகு அரைத்தது, பிறகு குழைவானது என்று வரிசையாகச் சொன்னேன். எரிப்பு (காரம்) போடாத குழம்பில் வேகவைத்து முள் எடுத்த சாளை மீன் (மத்தி), விரல்நுனி அளவு, நன்றாக மென்று: ஒன்றரை மாதம் ஆகும் என்றேன். அம்மா காலண்டரில் குறித்துவைக்கச் சொல்லி யாரையோ கூப்பிடுவது கேட்டது.