லிங்க்ஸ்: தமிழில் எக்கர்த் திடல்

லிங்க்ஸ் (பெயர்ச்சொல்): கடலோரத்தில் அலையும் காற்றும் குவித்த மணல்மேடுகளின் மேல் குட்டைப்புல் படர்ந்து, மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் நிலம், அந்த நிலத்தில் அமைந்த கோல்ஃப் திடல்.

நம் செய்திகளில் எந்தக் கோல்ஃப் மைதானத்தையும் லிங்க்ஸ் என்று எழுதிவிடுகிறார்கள். கடலுக்கு வெகுதூரத்தில் இருக்கும் தில்லியில் ஒரு குடியிருப்புக்கே கோல்ஃப் லிங்க்ஸ் என்று பெயர். ஊட்டியின் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் உள்ள திடல் அழகானது, ஆனால் மலைத்திடல். கடல்மணல் இல்லாத இடத்துக்கு இந்தச் சொல் பொருந்தாது.

பழைய ஆங்கிலத்தில் ஹ்லிங்க் என்றால் மேட்டு நிலம், கரை. தென் இங்கிலாந்தின் மலைச்சரிவுகளில் பழைய உழவு விட்டுச்சென்ற படிமேடுகளை லிஞ்செட் என்பார்கள்; அதற்கும் இதே வேர்தான். ஸ்காட்லாந்தில் இச்சொல் கடலோர மணல்நிலத்தின் பெயராக நிலைத்தது. அந்த மணலில் பயிர் விளையாது. ஆடு மேய்ந்தது, முயல் வளை தோண்டியது, ஊரார் பந்து அடித்தார்கள். எடின்பரோவின் லீத் லிங்க்ஸில் 1744இல் எழுதப்பட்ட 13 விதிகளே நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கோல்ஃப் விதிகள்.

கடலையும் வயலையும் இணைப்பதால் லிங்க்ஸ் என்று சிலர் விளக்குவார்கள். கேட்க நன்றாக இருந்தாலும் தவறு. சங்கிலிக் கண்ணியைக் குறிக்கும் லிங்க் ஸ்காண்டிநேவிய வழியில் வந்த வேறு சொல். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ஒரே ஒரு திடலானாலும் லிங்க்ஸ்தான். லிங்க் என்று குறுக்கினால் அது இணைப்பாகிவிடும்.

இந்த நிலம் பிறக்கும் விதத்தை அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் கண்ணால் பார்க்கலாம். துறைமுக வாயில் மணலால் தூர்ந்துபோகாமல் இருக்க, 1820களில் வடக்கு ‘புல்’ (Bull) சுவரைக் கட்டினார்கள். வற்றும் நீர் குறுகிய வாயில் வழியே விரைந்து மணலை அரித்துச் சென்றது. அந்த மணலில் பெரும்பகுதி சுவருக்கு வடக்கே ஒதுங்கியது. மாரம் என்ற கடலோர மணற்புல் அதில் வேரோடிப் பிடித்துக்கொள்ள, சுமார் 5 கிலோமீட்டர் நீளத்தில் ‘புல்’ (Bull) தீவு என்ற தீவே உருவாகிவிட்டது. 1889இல் ராயல் டப்ளின் கோல்ஃப் மன்றம் அங்கே குடியேறியது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அந்த ஆடுகளம் பெரும்பாலும் கடல்.

இப்படி அலை ஒதுக்கிய மணலுக்குத் தமிழில் பெயர் தேட வேண்டியதில்லை. சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் எக்கர் வருகிறது. உரைகாரர்கள் இடுமணல் என்று பொருள் சொல்வார்கள். நம் எக்கரில் அடும்பங்கொடி படர்ந்து மணலைப் பிடிக்கிறது, அயர்லாந்தில் அந்த வேலையை மாரம் புல் செய்கிறது. ஆகவே லிங்க்ஸுக்கு எக்கர்த் திடல் என்பதே எங்கள் பரிந்துரை. கடற்கரைச் சோலையைக் குறிக்கும் கானல் இன்னும் இனிய சொல்தான், ஆனால் கானலில் புன்னையும் ஞாழலும் நிற்கும், லிங்க்ஸின் அடையாளமே மரமின்மை. தேரி என்றால் தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் மேடுதான் நினைவுக்கு வரும். அது உள்நாட்டிலும் விரிந்து கிடப்பது. கோல்ஃபைக் குழிப்பந்தாட்டம் என்று எழுதுவோருக்கும் எக்கர்த் திடல் பொருந்தும். ஐரிஷ் மொழியும் நிலத்தைக்கொண்டே இதற்குப் பெயர் வைத்திருக்கிறது: மஹரெ என்றால் சமவெளி.

பெயர் நிலத்தைச் சொல்வதால், அயர்லாந்துக்குக் கோல்ஃப் ஆடப் போகிறவர்களுக்கு எந்தத் திடலைத் தேர்வது என்ற குழப்பமும் தீரும். டவுன் மாவட்டத்தின் ராயல் கவுன்டி டவுன், ஆன்ட்ரிமின் ராயல் போர்ட்ரஷ், டப்ளின் அருகே போர்ட்மார்னக், கிளேரில் லஹின்ச், கெரியில் பாலிபனியன் எல்லாம் ஐயமில்லாத எக்கர்த் திடல்கள். கின்சேலில் உள்ள ஓல்ட் ஹெட் கடல்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனை. காட்சி அற்புதம், ஆனால் செங்குத்துப் பாறையின் மேல் உள்ள மண் வேறு. கே கிளப்பும் அடேர் மேனரும் பூங்காத் திடல்கள். போர்ட்ரஷும் கவுன்டி டவுனும் வட அயர்லாந்தில், அதாவது ஐக்கிய இராச்சியத்தில் இருக்கின்றன. இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் இரு பக்கமும் ஆடுவதாக இருந்தால் விசா விதியை முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

ஆடும் முறையையும் மணலே தீர்மானிக்கிறது. மழைநீர் உடனே வடிந்துவிடுவதால் தரை இறுகிக் கிடக்கும். விழுந்த பந்து நிற்காமல் ஓடும். உயர அடித்து, குழியைச் சுற்றிய வழவழப்பான புல்பரப்பான கிரீனின் நடுவில் இறக்கப் பழகியவர்களின் பந்து பின்பக்கம் உருண்டு போவது இதனால்தான். கிரீனுக்கு முன்னால் இறக்கி உருளவிட வேண்டும். 8 ஆம் எண் இரும்பு மட்டையை எடுங்கள். பந்து பின்காலை ஒட்டி இருக்கட்டும், கைகள் பந்துக்குச் சற்று முன்னே, உடல் எடை முன்காலில், மணிக்கட்டு மடங்காமல் சிறு வீச்சு. சமமான கிரீனில் ஒரு பங்கு தூரம் காற்றிலும் நான்கு பங்கு தரையிலும் போகும் என்பது பழைய கணக்கு. 9 ஆம் எண் என்றால் ஒன்றுக்கு மூன்று. எக்கரின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து அதைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். புல் மழமழவென்று வெட்டியிருந்தால், கிரீனுக்கு வெளியே இருந்தும் பந்தை உருட்டும் மட்டையான பட்டரையே எடுப்பது பாதுகாப்பு.

எதிர்காற்றில் பலமாக அடிப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. பலம் கூடினால் பின்சுழற்சியும் கூடும்; சுழலும் பந்து மேலெழும்பி, காற்றில் நின்று, குறைவான தூரத்திலேயே விழும். எண்ணில் ஒன்றிரண்டு குறைந்த, நீளமான மட்டையை எடுத்து, கைப்பிடியில் சற்றுக் கீழே பிடித்து, முக்கால் வீச்சில் நிதானமாக அடித்தால் பந்து தாழப் போகும்.

பங்கர்கள் என்ற மணற்குழிகள் சிறியவை, ஆழமானவை. ஓரங்களில் புற்கட்டிகளை அடுக்கிச் சுவர் எழுப்பியிருப்பார்கள். அகலமாக வெட்டினால் காற்று மணலை அள்ளிக்கொண்டு போய்விடும். பந்து முன்சுவரை ஒட்டிக் கிடந்தால் பக்கவாட்டிலோ பின்னாலோ வெளியே எடுப்பதே வழி. அதுவும் முடியாவிட்டால், விதிப்படி தண்டமாகக் கணக்கில் 2 வீச்சைக் கூட்டிக்கொண்டு பங்கருக்கு வெளியே பின்னால் பந்தை இறக்கலாம். பந்து மாரம் புல்லுக்குள் போனால் தேட 3 நிமிடம்தான். அந்தப் புல்லைக் கண்டபடி மிதிக்கக் கூடாது. வேர் அறுந்த இடத்திலிருந்து காற்று மேட்டையே அரிக்கத் தொடங்கும்.

பார்க்காமல் அடிக்கும் குழிகள் இந்நிலத்தின் சொத்து. டெல் எனப்படும் லஹின்ச்சின் 5 ஆம் குழி இரு மணற்குன்றுகளுக்கு இடையே ஒளிந்திருக்கிறது. முன்குன்றின் மேல் ஒரு வெள்ளைக்கல் இருக்கும். அன்றைய கொடி இருக்கும் திசையில் அதை நகர்த்தி வைப்பார்கள். கல்லுக்கு நேராக, தூரத்தை நம்பி அடிக்க வேண்டும். இந்த மேடுகளை இடித்துச் சமமாக்காமல் விட்டதற்கு அந்த ஊருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

ஆட்டம் முடிந்ததும் போகும் இடம் பப். பொதுவீடு என்ற பொருளுள்ள பப்ளிக் ஹவுஸின் சுருக்கம். இதை மதுக்கடை என்று மொழிபெயர்ப்பது ஐரிஷ் ஊர்களுக்குச் செய்யும் அநீதி. சில பழைய பப்களில் ஒரு பக்கம் மளிகை இருந்தது. இன்றும் குடும்பத்தோடு சாப்பிடுவார்கள், பிடில் வாசிப்பார்கள், இறுதிச் சடங்கு முடிந்து கூடுவார்கள். பப் என்றே எழுதலாம். சிறுவர்கள் பெரியவர்களோடு வரலாம், ஆனால் அயர்லாந்துக் குடியரசில் இரவு 9 மணிக்கு மேல், மே முதல் செப்டம்பர் வரை 10 மணிக்கு மேல், பாரில் இருக்கக் கூடாது.

ஸ்டௌட் என்ற கரிய பியர் கேட்டால் உடனே கைக்கு வராது. கோப்பையை 45 பாகை சாய்த்து முக்கால்வாசி ஊற்றி, நுரை மேலேறிக் கருமை தெளியும்வரை வைத்து, பிறகு மீதியை நிரப்புவார்கள். ஒரு பைண்ட் 568 மில்லிலிட்டர். பாதி ஊற்றியதை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். நண்பர்களோடு போனால் ஆளுக்கொரு ரவுண்டு, அதாவது எல்லோருக்கும் சேர்த்து, வாங்குவது வழக்கம். உங்கள் முறை வரும்போது எழுந்துவிடுங்கள். குடிக்காதவர்களுக்குப் பல இடங்களில் ஆல்கஹால் இல்லாத ஸ்டௌட்டும் கிடைக்கும். கிராமத்துப் பப்களில் சமையலறையை முன்னதாகவே மூடிவிடுவதுண்டு; ஜூனில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருப்பதால் மாலையில் இரண்டாம் சுற்று ஆடிவிட்டு வருகிறவர்கள் பட்டினி கிடக்க நேரிடும். முதலில் தொலைபேசியில் கேட்டுவிடுவது மேல். அயர்லாந்துக் குடியரசில் ஓட்டுநரின் இரத்தத்தில் ஆல்கஹால் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடலோரச் சாலைகளும் குறுகலானவை. ஆகவே நடந்து போகும் தூரத்தில் தங்குங்கள், இல்லையேல் டாக்சியை முன்பே சொல்லிவையுங்கள்; சிற்றூர்களில் இரவில் தேடினால் கிடைப்பது அரிது.