இன்டர்ன்ஷிப்: தமிழில் எப்படிச் சொல்வது?

"நாளையில இருந்து இன்டர்ன்ஷிப் போறனுங்க அப்புச்சி" என்றாள் என் அக்கா மகள். பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சோமனூரில் தறி ஓட்டியே வயதான என் அப்பா, "அப்படின்னா என்ன கண்ணு?" என்றார். "நாலு மாசம் ஒரு பள்ளிக்கூடத்துலயே இருந்து, டீச்சர் கூடவே பழகோணுங்க." அவர் உடனே, "தறி பழகற மாதிரி வாத்தியார் வேல பழகப் போறேன்னு சொல்லு" என்றார்.

இந்தச் சொல்லுக்கு நான் தேடிய தமிழ் அந்தப் பேச்சிலேயே இருந்தது.

இன்டர்ன் என்பதன் வேர் லத்தீன். 'உள்ளே இருக்கிற' என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மருத்துவமனைக்குள்ளேயே தங்கி வேலை பழகும் இளம் மருத்துவரை 19ஆம் நூற்றாண்டில் இப்படி அழைக்கத் தொடங்கினார்கள். நம் ஊர் பெரியாஸ்பத்திரியில் 'ஹவுஸ் சர்ஜன்' என்கிறோமே, அந்த 'ஹவுஸ்' சொல்வதும் உள்ளே இருப்பதைத்தான். மருத்துவத்திலிருந்து பிற தொழில்களுக்குப் பரவி, ஆசிரியர் கல்விக்கும் வந்து சேர்ந்தது.

முன்பு பி.எட். ஓராண்டுப் படிப்பு. 'டீச்சிங் பிராக்டீஸ்' என்று 40 நாள் பள்ளிக்குப் போய் வருவார்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகள் படிப்பை இரண்டாண்டாக்கின. பள்ளியில் இருக்கும் காலமும் முதலாண்டில் 4 வாரம், இரண்டாம் ஆண்டில் 16 வாரம் என நீண்டது. 2030க்குள், பட்டப்படிப்பும் பி.எட்.டும் சேர்ந்த நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட். படிப்பே ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. மைசூரு வட்டாரக் கல்வியியல் கல்லூரியில் 1960களிலேயே இப்படி நான்காண்டுப் படிப்பு தொடங்கிவிட்டது என்பதால் இது ஒன்றும் புத்தம் புதிதல்ல. படிப்பு எத்தனை ஆண்டு என்பதைவிட, பள்ளிக்குள் எத்தனை நாள் என்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

சரி, தமிழில் என்ன சொல்கிறார்கள்? 'உள்ளிருப்புப் பயிற்சி' என்றால் உள்ளிருப்புப் போராட்டம்தான் நினைவுக்கு வருகிறது. 'உள்ளகப் பயிற்சி' பரவலாக இருக்கிறது, ஆனால் சொல்லுக்குச் சொல் பெயர்த்த வாசனை போகவில்லை. 'கற்பித்தல் பயிற்சி' பழைய 40 நாளுக்குப் பொருந்தும். இப்போது பாடம் நடத்துவது ஒரு பங்குதான். மற்ற ஆசிரியரின் வகுப்பைப் பார்ப்பது, வருகைப் பதிவேடு, பெற்றோர் கூட்டம் எல்லாம் இருக்கிறது.

'பயிற்சி'யின் வேர் பயில். அதற்குப் படித்தல் என்பதோடு பழகுதல், நெருங்கியிருத்தல் என்றும் பொருள் உண்டு. 'பயில்தொறும் பண்புடையாளர் தொடர்பு' என்னும் குறளில் பயில்தொறும் என்றால் பழகப் பழக. நன்னூல் பாடம் கற்கும் முறையைச் சொல்லும்போது, 'அம்மாண்புடையோர் தம்மொடு பயிறல்' என்று ஒன்றைச் சேர்க்கிறது. தகுதியுள்ளவர்களோடு சேர்ந்து பழகுவதும் கல்வியில் ஒரு பகுதி. நன்னூல் செய்த பவணந்தியாரைப் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு நாட்டில் வழிவழியாகச் சொல்வார்கள். ஈரோடு மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருப்பதும் அதே பெருந்துறையில்தான்.

அப்ரன்டிஸுக்கு அரசு ஏற்கெனவே 'தொழிற்பழகுநர்' என்று எழுதுகிறது. அதையே இங்கும் எடுத்துக்கொள்ளலாம்: இருப்பவர் பழகுநர் ஆசிரியர், இருக்கும் காலம் பழகுநர் பயிற்சி. திருப்பூர் பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேரும் பெண், டெய்லர் பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுத்தபடியே அந்தக் கை ஓடும் விதத்தைப் பிடித்துக்கொள்வாள். இதுவும் அப்படித்தான்.

அக்கா மகளுக்குக் கிடைத்தது பல்லடம் பக்கத்து நடுநிலைப் பள்ளி. முதல் வாரம் முழுக்கக் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். தினமும் முதல் பீரியடில் தூங்கிவழியும் ஏழாம் வகுப்புப் பையனை டீச்சர் ஏன் எழுப்பவே இல்லை என்பது மூன்றாவது வாரம்தான் புரிந்ததாம். அவன் அம்மா அப்பா இருவருக்கும் தறியில் ராத்திரி ஷிப்ட், தம்பியைத் தூங்கவைப்பது இவன் வேலை. அந்த டீச்சர் கணக்கை இரண்டாவது பீரியடுக்கு மாற்றி வைத்திருந்தார். பீகாரிலிருந்து வந்த ஒரு சிறுமிக்கு, பக்கத்து இருக்கைப் பிள்ளையை வைத்தே தமிழ் எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்தார். இதெல்லாம் பாடக்குறிப்பு நோட்டில் கிடையாது. கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும் கல்லூரியும் எனக்குத் தெரியும். அங்கே படிக்கிறவர்களுக்கு இந்த மூன்றாவது வாரம் வருவதே இல்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

பதினாறு வாரம் முடிந்து ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட்டாள். மேலே 'பழகுநர் பயிற்சிப் பதிவேடு' என்று எழுதியிருந்தாள். வழிகாட்டி டீச்சர் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாராம்.