அல்பம் என்றால் யாருக்குக் கல்யாணம்?

"மாமா, ஸ்டூடியோ அல்பத்துக்குத் தமிழ்ல என்னா?" என்று அக்கா மகள் கேட்டாள். அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த எங்கள் அம்மா கையை நிறுத்தாமலே திருப்பிக் கேட்டார்: "யாருக்குடி கல்யாணம்?"

பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் படிப்பது பத்தாம் தரம். பள்ளிக்கூடச் சுவர்ப் பத்திரிகைக்காகத் தனக்குப் பிடித்த கொரியப் பொப் குழுவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். 'ஸ்டூடியோ அல்பம்', 'இன்டர்நெஷனல் ரிலீஸ்' என்று வந்த இரண்டு இடத்திலும் டீச்சர் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, 'தமிழில் எழுதுக' என்று திருப்பிக் கொடுத்திருந்தார்.

அம்மா கேட்டதில் பிழை இல்லை. இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஸ்டூடியோ என்றால் ஹட்டன் டவுனில் படம் பிடிக்கிற இடம். அடையாள அட்டைக்கு ஆணியடித்த மாதிரி உட்கார்ந்து படம் எடுப்பது அங்கேதான். அல்பம் என்றால் கல்யாண அல்பம், சடங்கு அல்பம். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்த கையோடு அலுமாரியிலிருந்து இறங்கி வருகிற கனத்த புத்தகம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அவர் வேறென்ன நினைப்பார்? சொல்லின் வரலாற்றைத் தேடிப் போனால் அதன் மூலத்துக்குக் கிட்ட நிற்பது பேத்தியல்ல, அம்மாயிதான்.

இலத்தீனில் 'அல்புஸ்' என்றால் வெள்ளை. பழைய ரோமில் வெள்ளை பூசிய பலகையில் அரச அறிவித்தல்களை எழுதிப் பொது இடத்தில் வைப்பார்கள். அந்தப் பலகைதான் அல்பம். தோட்டத்து ஒபிஸ் வாசலில் தொங்கும் அறிவித்தல் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு பலகையில் எழுதிய பெயர்ப் பட்டியலுக்கும் அதே பெயர் வந்தது. செனட் சபை உறுப்பினர் பட்டியலும் ஓர் அல்பம்தான். அந்தப் பொருளுக்கு இலங்கைத் தமிழில் கச்சிதமான சொல் இருக்கிறது: இடாப்பு. வாக்காளர் இடாப்பு என்கிறோமே, அதே இடாப்பு. (1948, 1949ஆம் ஆண்டுக் குடியுரிமை, வாக்குரிமைச் சட்டங்களுக்குப் பிறகு அந்த இடாப்பிலிருந்து மொத்தமாக வெட்டப்பட்ட தோட்டத்து மக்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். பட்டியலில் பெயர் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று ரோமாபுரிக்காரர் வந்து எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.)

பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மன் பல்கலைக்கழக மாணவர்கள் வெற்றுத்தாள் கொப்பி ஒன்றை வைத்துக்கொண்டு, நண்பர்களிடமும் ஆசிரியர்களிடமும் கையெழுத்தும் நாலு வரியும் வாங்கினார்கள். அதற்கு 'நண்பர் அல்பம்' என்று பெயர். சாதாரண தரம் முடித்துப் பிரியும்போது இங்கே பிள்ளைகள் நீட்டும் ஓட்டோகிராப் கொப்பிக்கு அது பாட்டன் முறை. பலகையின் வெள்ளை, தாளின் வெறுமையாக மாறியது இந்த இடத்தில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வெற்றுத்தாளில் படம் ஒட்டத் தொடங்கினார்கள். அக்காலத்துப் படங்கள் பெரும்பாலும் முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் அச்சிட்டவை. விஞ்ஞானப் பாடத்தில் வரும் 'அல்புமின்' என்ற சொல்லுக்கும் அதே வெள்ளைதான் வேர். வெள்ளைக்கருப் படத்தை வெள்ளைப் புத்தகத்தில் ஒட்டினார்கள்.

பாட்டு இதற்குள் நுழைந்தது தட்டு வழியாக. நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நாலு நிமிடந்தான் ஓடும். நீளமான இசை ஒன்றைக் கேட்க வேண்டுமென்றால் பல தட்டுகள் வேண்டும். 1909இல் ஓடியன் கம்பனி ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் இசைத்தொடர் ஒன்றை நாலு தட்டுகளில், எட்டுப் பக்கங்களில் ஒரே கட்டாக விற்றது. பின்னர் இப்படிப்பட்ட தட்டுகளை உறை உறையாகப் போட்டு, முதுகு தைத்து, அட்டை கட்டி விற்றார்கள். பார்த்தால் அசல் கல்யாண அல்பம். அதனால் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. 1948இல் கொலம்பியா கம்பனி ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் நெடுந்தட்டைக் கொண்டுவந்தபோது புத்தகம் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றது. ஒற்றைத் தட்டுக்கு அல்பம் என்று பெயர் வந்த கதை இதுதான். பிறகு நாடா வந்தது, வட்டு வந்தது, இப்போது கையில் பிடிக்க ஒன்றுமே இல்லை. இருந்தும் அல்பம் அல்பந்தான்.

அக்கா மகளின் குழு பிளக்பிங்க். அவர்களுடைய முதல் ஸ்டூடியோ அல்பத்தின் பெயரே 'த அல்பம்'. 2020 ஒக்டோபர் 2ஆம் திகதி வந்தது. எட்டுப் பாட்டுகள், மொத்தமாக இருபத்தைந்து நிமிடத்துக்கும் குறைவு. 1909ஆம் ஆண்டின் அந்தத் தட்டுக்கட்டுக்குள் போட்டிருந்தால் பக்கத்துக்கு ஒரு பாட்டாகக் கச்சிதமாக அடங்கியிருக்கும். குழுவின் பெயரில் கறுப்பும் இளஞ்சிவப்பும்; தொகுப்பின் பெயருக்குப் பொருளோ வெள்ளை. வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை, ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு வார்த்தை. இலங்கையில் நாம் 'அல்பம்' என்று குறிலில் எழுதுகிறோம், 'பொப்' என்கிற மாதிரி. தமிழ்நாட்டில் 'ஆல்பம்', 'பாப்'. அவர்கள் நெடிலைப் பிடித்துக்கொண்டதில் ஒரு வசதி உண்டு. அங்கே பேச்சில் 'அல்பம்' என்றால் அற்பம். "அவன் பெரிய அல்பம்" என்று சென்னையில் யாராவது சொன்னால் பாட்டைத் தேடாதீர்கள்.

இனி 'ஸ்டூடியோ'. இலத்தீனில் ஊக்கத்தையும் படிப்பையும் குறித்த 'ஸ்தூதியும்' என்ற சொல்லிலிருந்து இத்தாலிய மொழி வழியாக வந்தது. மாணவரைக் குறிக்கும் 'ஸ்டூடன்ட்' அதன் உடன்பிறப்பு. தமிழில் இதற்காக அலைய வேண்டாம். இலங்கை வானொலி தலைமுறை தலைமுறையாகக் 'கலையகம்' என்று சொல்லி எங்கள் காதில் ஏற்றிவிட்டது. ஸ்டூடியோ அல்பம் என்று பிரித்துச் சொல்வதற்குக் காரணமும் உண்டு. மேடையில் பாடியதை அப்படியே பதிந்தால் அது வேறு வகை. பழைய பாட்டுகளில் நல்லதைப் பொறுக்கிச் சேர்த்தால் அதுவும் வேறு. புதுப் பாட்டுகளைக் கலையகத்தில் உட்கார்ந்து பதிந்து, எது முதலில் எது கடைசியில் என்று நிரைப்படுத்தி வெளியிட்டால்தான் ஸ்டூடியோ அல்பம். கொரியாக்காரர் இதற்கு 'முறையான' என்ற பொருளில் ஓர் அடைமொழி சேர்த்துச் சொல்வார்கள். சின்ன வெளியீட்டுக்கு 'மினி அல்பம்'.

அதே கொரிய மொழியில் அல்பத்துக்குப் பழைய சொல் ஒன்றும் உண்டு: 'உம்பன்'. அதன் முதல் உயிரை நம் குற்றியலுகரம் மாதிரி, உதட்டைக் குவிக்காமல் சொல்ல வேண்டும். 'உம்' என்றால் ஒலி, 'பன்' என்றால் தட்டு. அப்படியே நம் இசைத்தட்டு! ஒருவரையொருவர் பார்க்காமலே இரண்டு மொழிக்காரரும் ஒரே சொல்லைக் கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் டீச்சருக்கு 'இசைத்தட்டு' என்று எழுதிக் கொடுக்க எனக்கு மனமில்லை. தட்டு போய்விட்டது. அடுத்து 'இறுவட்டு'. தமிழ்நாட்டில் குறுந்தகடு என்பதை நாம் இறுவட்டு என்கிறோம்; இறுக்கமான வட்டு. 'இறுவட்டு வெளியீட்டு விழா' என்ற தலைப்பு வராத வாரம் ஒரு காலத்தில் நம் பத்திரிகைகளில் இருந்ததில்லை. எனக்கு மிகவும் பிடித்த இலங்கைச் சொற்களில் ஒன்று இது. 'வட்டு' நேற்று முளைத்த சொல்லல்ல. கட்டம் கீறாமல் வட்டாடுவது போல என்று 401ஆவது குறளில் வள்ளுவர் சொல்கிறார். நற்றிணையின் மூன்றாம் பாட்டில் சிறுவர்கள் வேப்ப மர நிழலில் அரங்கு கீறி நெல்லிக்காயை வட்டாக உருட்டுகிறார்கள். உருண்டு திரிந்த காய் தட்டையாகிப் பாட்டை ஏந்தியது என்றால் எவ்வளவு அழகு! ஆனாலும் அது பாத்திரத்தின் பெயர், பண்டத்தின் பெயரல்ல. அக்கா மகள் இறுவட்டைக் கையால் தொட்டதே இல்லை. கசெட்டுக்கு வைத்த 'ஒலிப்பேழை' என்ற பெயருக்கும் அதே கதி.

பண்டத்தின் பெயர் என்ன? சேர்த்து நிரைப்படுத்திய பாட்டுகள். அதற்குத் தமிழில் ஈராயிரம் வருடமாக இருக்கும் வினை, 'தொகு'. குறுந்தொகை, கலித்தொகை, எட்டுத்தொகை எல்லாம் அதில் பிறந்தவை. 'கோவை'யும் நல்ல சொல், ஆனால் அது ஏற்கெனவே ஒரு தனிச் சிற்றிலக்கிய வகைக்கு உரியது.

இங்கே ஒரு மறுப்பு வரலாம். சங்கத் தொகைகள் பலர் பாடியதைப் பின்னால் வந்தவர் பொறுக்கிச் சேர்த்தவை. ஒரே குழு புதிதாகப் பதிந்த பாட்டுகளுக்கு அந்தச் சொல் பொருந்துமா? பொருந்தும். தண்டியலங்காரம் என்ற பழைய அணியிலக்கண நூல் செய்யுளை முத்தகம், குளகம், தொகை, தொடர்நிலை என்று நான்காகப் பிரிக்கிறது. தொகை என்பது பலர் பாடியதாகவும் இருக்கலாம், ஒருவரே பாடியதாகவும் இருக்கலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. எதை வைத்துத் தொகுப்பது என்பதற்குப் பொருள், இடம், காலம், தொழில், பாட்டு, அளவு என்று கணக்கும் தருகிறது. அதைப் படித்தபோது பொப் உலகத்துக் கலைச்சொற்கள் முழுவதையும் யாரோ முன்கூட்டியே எங்களுக்கு அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. தனித்து நின்று பொருள் முடியும் ஒற்றைச் செய்யுள் முத்தகம். 'சிங்கிள்' என்று தனியாக வெளியிடுகிறார்களே, அதுதான். மினி அல்பத்துக்குக் 'குறுந்தொகை' என்று போடலாமா என்றுகூடக் கை துறுதுறுத்தது. பேராசிரியர்கள் தடியோடு வருவார்கள் என்று விட்டுவிட்டேன்.

மலையகத்துக்கும் இந்தச் சொல் புதிதல்ல. கொழுந்தெடுக்கும்போதும் தாலாட்டும்போதும் பெண்கள் பாடிக் காற்றில் விட்ட பாட்டுகளை, மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தார். அதற்கும் முன்னால், தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மை தோட்டத்து மக்களின் நிலையைப் பாட்டாகக் கட்டி, தானே கூட்டங்களில் பாடி, 1940இல் சிறு புத்தகமாகவும் வெளியிட்டார். கலையகமும் கிடையாது, தட்டும் கிடையாது. ஆனால் ஒரு பெண் பாடி, நிரைப்படுத்தி, பெயரிட்டு வெளியிட்ட பாட்டுத்தொகைதானே அது?

ஆகவே ஸ்டூடியோ அல்பம், 'கலையகப் பாட்டுத்தொகை'. பேச்சில் அல்பம் என்று சொல்வதைத் தடுக்க நான் யார்? காலையில் ஆள் கூட்டும் 'பரேட்' என்ற சொல்லைப் பெரட்டாக்கி, வரிசை வீடுகளைக் குறித்த 'லைன்' என்பதை லயமாக்கி அதற்குள்ளேயே ஐந்து தலைமுறை குடியிருந்தவர்கள் நாங்கள். ஒரு அல்பம் எங்களை ஒன்றும் செய்துவிடாது.

மிச்சம் 'இன்டர்நெஷனல் ரிலீஸ்'. 'ரிலீஸ்' என்பதன் வேர் இலத்தீனில் தளர்த்துவது, அவிழ்த்துவிடுவது. நமக்கு நூல் வெளியீட்டு விழாவிலிருந்து 'வெளியீடு' தயாராக இருக்கிறது. கவனிக்க வேண்டியது முன்னால் நிற்கும் அடைமொழியை. ஒரு காலத்தில் ஒரே தொகை நாட்டுக்கு நாடு வேறு வேறு நாளில் வந்தது. ஸ்பைஸ் கேர்ள்ஸ் பிரித்தானியக் குழு, ஆனால் அவர்களுடைய முதல் தொகை 1996 செப்டெம்பரில் ஜப்பானில்தான் முதலில் வந்தது; சொந்த நாட்டுக்கு நவம்பரில், அமெரிக்காவுக்கு 1997 பெப்ரவரியில். ஜப்பான் பதிப்புகளில் கூடுதல் பாட்டு ஒன்றிரண்டு சேர்ப்பது வழக்கம், ஏனென்றால் அங்கே உள்ளூர் வட்டை விட இறக்குமதி வட்டு மலிவு; கூடுதல் பாட்டு இருந்தால்தான் உள்ளூர் வட்டை வாங்குவார்கள். இப்படி நாட்டுக்கு நாடு தனித்தனியாகப் போவது 'பன்னாட்டு வெளியீடு'. சர்வதேச வெளியீடு என்றாலும் குற்றமில்லை.

2015 ஜூலை 10 முதல் இசைத்துறை வெள்ளிக்கிழமையை உலகப் பொது வெளியீட்டு நாளாக்கியது. அதுவரை பிரித்தானியாவுக்குத் திங்கள், அமெரிக்காவுக்குச் செவ்வாய். 'த அல்பம்' வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை: நியூயோர்க்கில் நள்ளிரவு, சியோலில் பிற்பகல் ஒரு மணி, இலங்கையில் காலை ஒன்பதரை. ஒரே கணத்தில் எல்லா நாட்டுக்கும் என்றால் அது பன்னாட்டு வெளியீடல்ல, 'உலக வெளியீடு'. அமெரிக்க அல்பத் தரவரிசைப் பட்டியலிலும் பிரித்தானியப் பட்டியலிலும் அந்தத் தொகை இரண்டாம் இடம் வரை ஏறியது. இலங்கைக்கு ஸ்பொட்டிபை வந்ததோ 2021 பெப்ரவரியில். உலக வெளியீடு என்ற சொல்லுக்குள் எங்கள் மலை அடங்கியது அன்றைக்கு யூடியூப் வழியாக, அதுவும் சிக்னல் பிடித்த வீடுகளில்.

கடைசியில் பிள்ளைக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன்: 'பிளக்பிங்க் மகளிர் குழுவின் முதற் கலையகப் பாட்டுத்தொகை 2020 ஒக்டோபர் 2ஆம் திகதி உலக வெளியீடு கண்டது.'

சத்தமாக வாசித்துப் பார்த்தாள். "நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு மாமா" என்றாள். ரொட்டியைத் திருப்பிப் போட்ட அம்மா தலையை நிமிர்த்தி, "பாட்டுத் தொகையா? எவ்வளவாம் தொகை?" என்றார்.