கொட்டகையில் பாதியில் நிற்கும் கார்: முடிப்பதா, விற்பதா?

கோவையில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது ஒரே கேள்வியோடு வருவார்கள். அப்பாவுடையதோ மாமனாருடையதோ ஒரு கார் வீட்டுக் கொட்டகையில் பாதி பிரித்தபடி கிடக்கும். செய்து முடிப்பதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா? அடுத்த வாக்கியம் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றித்தான் இருக்கும். "எஞ்சின் மட்டும் ஸ்டார்ட் ஆயிட்டா மிச்சத்தப் பாத்துக்கலாங்ணா."

உண்மையில் இந்த வேலையிலேயே எஞ்சின்தான் எளிது. பிரீமியர் பத்மினியின் 1,089 சிசி எஞ்சினில் சிலிண்டரைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடவும், கிராங்கை கிரைண்ட் செய்யவும் கைதேர்ந்த லேத்காரர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அம்பாசடரின் பழைய 1,489 சிசி எஞ்சின், பிரிட்டனின் எம்ஜி கார்களில் ஓடியதற்குப் பங்காளி. அந்த ஊர் ஆட்களுக்காகச் செய்யும் சாமான்கள் பல நமக்கும் பொருந்தும். எஞ்சினைக் கழற்றி அளந்து பார்த்தால் செலவை ஓரளவு சரியாகச் சொல்லிவிடலாம். பாடித் தகரத்துக்கும் பதிவுத் தாளுக்கும் அப்படி யாரும் சொல்ல முடியாது. முடிப்பதா விற்பதா என்பது பெரும்பாலும் அந்த இரண்டில்தான் நிற்கிறது.

முதலில் தகரம். பத்மினிக்கும் அம்பாசடருக்கும் தனி சேஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடியே எலும்பு. தரை விரிப்பைத் தூக்கிக் காலடித் தகரத்தைப் பாருங்கள். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டியை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். ஜாக்கி போடும் இடத்தையும் டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியிலும் பார்க்க மறக்காதீர்கள். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி பாடி முழுக்க நகர்த்தினால், பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் ஒட்டாது. கடலோரத்தில் நின்ற வண்டி, 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் இன்னும் கவனம் தேவை. துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் வெளியே வரும். பெயின்ட்டில் கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

எவ்வளவு போயிருக்கிறது என்று தகர வேலை செய்யும் டிங்கர் சுரண்டி வெட்டத் தொடங்கிய பிறகுதான் தெரியும். அதனால் முடிவெடுக்கும் முன் ஒரு நல்ல டிங்கருக்கு இரண்டு நாள் கூலி கொடுத்துச் சுரண்ட விடுங்கள். இந்தக் கணக்கிலேயே மலிவான செலவு அதுதான்.

போன வருடம் ஒருவர் நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றின் படங்களோடு வந்தார். அப்பாவுடைய வண்டி, நின்று பத்து வருடத்துக்கு மேல். சென்னைக்குப் பக்கத்தில் பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1961இல் ஹெரால்டைக் கட்டத் தொடங்கியது. பிரிட்டனின் டிரயம்ஃப் ஹெரால்டுதான் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. இதற்குத் தனி சேஸ் உண்டு, பாடி துண்டு துண்டாக போல்ட்டில் நிற்கும், பானட் மொத்தமும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். பிரிக்க இவ்வளவு வசதியான வண்டி என்பதாலேயே ஆசைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள்.

சேர்ப்பதில்தான் சிக்கல். பாடிக்கும் சேஸுக்கும் நடுவே எந்த இடத்தில் எத்தனை ஷிம் (இடைவெளிக்கு வைக்கும் மெல்லிய தகடு) இருந்தது என்று குறித்து வைக்காமல், கதவு நிற்கும் இடைவெளிக்குக் குறுக்குக் கம்பி வெல்ட் செய்யாமல் பாடியைத் தூக்கியிருந்தார்கள். அப்படித் தூக்கினால் கதவு இடைவெளியைச் சரிக்கட்டவே வாரக்கணக்கில் ஆகும். இன்னொரு சங்கடமும் இருந்தது. சேஸ் துண்டுகள், சஸ்பென்ஷன் புஷ், பிரேக் ரப்பர் எல்லாம் பிரிட்டனிலிருந்து தருவிக்கலாம். நான்கு கதவு ஹெரால்டு மட்டும் இந்தியாவுக்கென்றே செய்தது, பிரிட்டனில் அது கிடையாது. அவருடைய வண்டியில் பின்கதவு ஒன்றைக் காணோம், இன்னொன்று அடிப்பாகம் கரைந்து கிடந்தது. சென்னை புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் தேடியும் கிடைக்கவில்லை. கையால் தட்டிச் செய்யலாம். ஆனால் அதற்கு அளவு பார்க்க முழுசான ஒரு கதவாவது வேண்டுமே.

அடுத்தது தாள். அவருடைய ஆர்.சி. புத்தகம் அப்பா பெயரில் இருந்தது. அப்பா போய் ஏழு வருடம் ஆகிவிட்டது. உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் படிவம் 31 போட்டுப் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. அது பலருக்குத் தெரிவதில்லை. வாரிசுச் சான்றிதழில் இருக்கும் மற்றவர்களின் சம்மதமும் தேவைப்படும். இவருக்கு ஒரு தங்கை ஷார்ஜாவில். பழைய புத்தகங்கள் பல ஆன்லைனில் ஏற்றப்படாமலே இருக்கும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் அதை ஏற்ற வேண்டும். பதிவும் காலாவதியாகியிருக்கும். 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 20 ஆண்டு கடந்த காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது, தாமதத்துக்குத் தனி அபராதம். எண்பதுகளில் டீசல் எஞ்சின் மாற்றிய வண்டியா? அது புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

"வின்டேஜ் பதிவு வாங்கிக்கலாமே" என்பார்கள். 2021இல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். சேஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாறியிருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். ஆனால் அந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க என்று சிலதுக்குத்தான் சாலையில் இறக்கலாம். தினமும் ஆபீசுக்கு ஓட்டும் ஆசையில் இருப்பவருக்கு இது ஒத்துவராது.

இதையெல்லாம் சொன்னதும் வரும் பதில், "நனைஞ்சாச்சு, இனி முக்காடு எதுக்குங்ணா? இவ்ளோ போட்டாச்சு." நானே அப்படி ஒரு பத்மினியோடு ஒன்பது வருடம் மல்லுக்கட்டியவன். குரோம் பூசக் கொடுத்த பம்பரை ஒரு பட்டறை தொலைத்தது, கண்ணாடி ஏற்றும் மெஷினை எங்கே வைத்தேன் என்று நானே மறந்தேன். இதுவரை போட்டதைத்தான் ஒவ்வொரு தீபாவளிக்கும் கூட்டிப் பார்த்தேன். இனி எவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் எழுதிய அன்று, அதே காசுக்கு ஓடும் பத்மினி ஒன்று வாங்கி, கூட ஒரு செட் டயரும் போடலாம் என்று தெரிந்தது. விற்றுவிட்டேன். சாமான் பெரும்பாலும் தொலைந்திருந்ததால் கிடைத்த விலை எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை.

விற்பதென்று முடிவானால் முழு வண்டியாக விற்கப் பாருங்கள். பாகம் பாகமாகப் போனால் கடைசியில் மிஞ்சும் கூட்டை காயலான் கடைக்காரர்தான் எடுப்பார். விற்பனைக்காகப் பெயின்ட் அடிக்காதீர்கள், அடியில் எவ்வளவு பட்டி என்ற சந்தேகம்தான் வாங்குபவருக்கு வரும். நான்கு சக்கரத்தில் தள்ளினால் நகரும்படி இருந்தாலே போதும். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் வெறுமனே கையெழுத்துப் போட்டுப் புரோக்கர் கையில் கொடுக்க வேண்டாம். பெயர் மாறாமல் விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது.

ஹெரால்டுக்காரர் தங்கையின் கையெழுத்துக்கு ஐந்து மாதம் காத்திருந்து வண்டியைத் தன் பெயருக்கு மாற்றினார். அந்த ஐந்து மாதத்தில் சாமான்களைக் கழுவி, படமெடுத்து, எண் போட்டு 64 பைகளில் கட்டினார். சேலத்துக்காரர் ஒருவர் வாங்கினார். அவரிடம் ஏற்கெனவே ஒரு ஹெரால்டு உண்டு, சேஸ் போன நான்கு கதவு வண்டி. இரண்டு பின்கதவும் நல்லபடி இருக்கின்றனவாம். டாடா ஏஸில் இரண்டு நடை அடித்துக் கொண்டுபோனார். போன வாரம் போன் செய்து, பை எண் 37இல் இருக்கும் ஷிம் எந்தப் பக்கத்தது என்று கேட்டார்.