மங்கல் விமானத்துக்கு நடுவில் எதற்குப் பளபளப்பு?

தன் முதல் ஸ்பிட்ஃபயர் (இரண்டாம் உலகப்போர் கால பிரிட்டிஷ் போர்விமானம்) பிளாஸ்டிக் மாதிரியைச் செய்துகொண்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மேட் (மங்கல்) பெயின்ட் அடித்துவிட்டேன். அதன் மேல் பளபளப்பு வார்னிஷ் அடி, டீக்கால் ஒட்டு, வாஷ் விடு, கடைசியில் மறுபடி மேட் வார்னிஷ் அடி என்கிறார்கள் அனுபவஸ்தர்கள். மங்கலாகத்தான் முடியப்போகிறது என்றால் நடுவில் எதற்கு இந்த மினுக்கு? கூடுதலாக ஒரு குப்பி வார்னிஷ் விற்கிற தந்திரமா?"

(டீக்கால் என்றால் விமானத்தின் சின்னங்கள் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படலம். வாஷ் என்றால் தகடுகள் சேரும் கோடுகளுக்குள் விடும் நீர்த்த பெயின்ட்.) தந்திரமெல்லாம் இல்லை. ஆனால் நானும் இதே சந்தேகத்தில் அந்தப் படியைத் தாண்டிக் குதித்தவன்தான். பழுப்பும் பச்சையுமாகப் பார்த்துப் பார்த்து அடித்த இறக்கையின் மேல் கறுப்பு வாஷை நேரடியாக விட்டேன். கோடுகளுக்குள் இறங்கவேண்டிய கறுப்பு, ஈரத்துணியில் மை கொட்டியதுபோல எல்லாப் பக்கமும் பரவியது. துடைக்கத் துடைக்க இன்னும் ஊறியது. இரண்டு வாரத்து வேலை, புகைபோக்கிக்குள் இறங்கி வந்த விமானம்போல ஆகிவிட்டது.

பாகங்களை ஒட்டுவது, இடுக்குகளை அடைத்துத் தேய்ப்பது, பிரைமர், ஏர்பிரஷ் இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை, வேகமாகக் கடந்துவிடலாம். அளவை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிஜ ஸ்பிட்ஃபயரின் இறக்கை வீச்சு சுமார் 11.23 மீட்டர். 72-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 15.6 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண் கூட இல்லை. நிஜ விமானத்தில் இரண்டு தகடுகளுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் மாதிரியில் அது 0.04 மில்லிமீட்டர். மெல்லிய தலைமுடி அளவு. அச்சில் அவ்வளவு நுணுக்கமாக வார்ப்பது கடினம் என்பதால் நல்ல பெட்டிகளிலேயே கோடு 0.1 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். திருப்பிப் பெருக்கிப் பாருங்கள்: நிஜ விமானத்தில் பென்சில் நுழையும் இடைவெளி! ஆனாலும் கண் அதை மன்னித்துவிடுகிறது. அந்தக் கோட்டில் கொஞ்சம் இருட்டு சேர்ந்துவிட்டால் போதும், பிளாஸ்டிக்கே உலோகத் தகடாகத் தெரிய ஆரம்பிக்கும். அந்த இருட்டைச் சேர்ப்பதுதான் வாஷ். எனாமல் பெயின்ட்டை வொய்ட் ஸ்பிரிட்டில் தண்ணீர் பதத்துக்குக் கரைத்த அழுக்கு நீர், அவ்வளவுதான்.

இனி மேட் பெயின்ட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். அதை மங்கலாக்குவது நிறமி இல்லை. கூடவே கலந்திருக்கும் மணல் இனத்துப் பொடி, அதாவது மிக நுண்ணிய சிலிக்கா. ஒவ்வொரு துகளும் சில மைக்ரான் அளவு. பெயின்ட் உலர்ந்து சுருங்கும்போது இந்தத் துகள்கள் மேலே முட்டிக்கொண்டு நிற்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான்தான். ஆகவே அந்த ஒளிக்கு இது மேடும் பள்ளமுமான மலைத்தொடர். விழுந்த ஒளி கண்ணாடியில் பட்டதுபோல ஒரே திசையில் திரும்பாமல் எல்லாப் பக்கமும் சிதறிப் போகிறது. போர்விமானத்துக்கு வேண்டியதும் அதுதான். வெயிலில் ஒரு மினுக்கு போதும், எதிரி கண்டுபிடித்துவிடுவான்.

ஒளிக்கு மலைத்தொடராக இருப்பது திரவத்துக்கும் மலைத்தொடர்தான். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எனக்குப் பிடித்த இடமும் இதுதான்.

பளபளப்பு வார்னிஷ் அடித்த இறக்கையில் தூரிகை நுனியால் வாஷை ஒரு கோட்டின் மேல் லேசாகத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் இழுக்கவே வேண்டாம். அதுவே கோட்டுக்குள் புகுந்து, வளைவில் வளைந்து, முச்சந்தி வந்தால் இரண்டாகப் பிரிந்து ஓடும். செங்குத்தாக நிற்கும் வால் துடுப்பில்கூட மேல்நோக்கி ஏறும். எத்தனை விமானம் செய்தாலும் இந்தக் காட்சி எனக்கு அலுத்ததில்லை. பள்ளியில் படித்த நுண்புழை ஏற்றம்தான் இது. குழாய் மெலிய மெலிய நீர் உயரமாக ஏறும் என்று ஜேம்ஸ் ஜூரின் 1718-இலேயே அளந்து சொல்லிவிட்டார். அங்கே கண்ணாடிக் குழாய், இங்கே மேல் பக்கம் திறந்த ஒரு வாய்க்கால். கோட்டின் இரண்டு சுவர்களையும் திரவம் பற்றிக்கொள்கிறது, பரப்பு இழுவிசை முன்னே இழுக்கிறது.

இங்கே ஒரு குழப்பம் வரலாம். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். வொய்ட் ஸ்பிரிட்டுக்கு அது சுமார் 25தான். அப்படியென்றால் நீர்தானே வேகமாக இழுக்கப்பட வேண்டும்? இழுவிசை இருந்தால் மட்டும் போதாது, சுவரோடு ஒட்டும் மனமும் வேண்டும். வார்னிஷ் மேல் நீர் முத்துமுத்தாகத் திரண்டு நிற்கும். வொய்ட் ஸ்பிரிட் அப்படியே படிந்து பரவும், சேர்கோணம் (திரவத்தின் விளிம்பு பரப்போடு செய்யும் கோணம்) பூஜ்யத்துக்குப் பக்கத்தில். அதனால்தான் எனாமல் வாஷ் ஓடுகிறது, நீர் வாஷ் முரண்டு பிடிக்கிறது. நீர் வாஷில் துளி பாத்திர சோப்பு கலப்பவர்கள் அந்த முரண்டைத்தான் உடைக்கிறார்கள்.

ஓட்டத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. எட்வர்ட் வாஷ்பர்ன் 1921-இல் எழுதிய சமன்பாட்டின்படி, திரவம் கடக்கும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம். முதலில் பாய்ந்து, அப்புறம் தவழும். தவழும் நேரத்தில் ஸ்பிரிட் ஆவியாகிவிடும். ஆகவே ஒரே இடத்தில் பெரிய சொட்டாக வைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு தொடுதல் என்று தள்ளித்தள்ளி வையுங்கள்.

இப்போது அதே வாஷை மேட் பரப்பில் வைப்போம். கோடு 100 மைக்ரான் அகலம், அதாவது முன்பு சொன்ன அதே 0.1 மில்லிமீட்டர். சிலிக்கா மேடுகளுக்கு நடுவே இருக்கும் பள்ளம் 2 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், நுண்புழை அழுத்தம் அகலத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால் அந்தக் குட்டிப் பள்ளங்கள் கோட்டைவிட 50 மடங்கு பலமாக இழுக்கும். ஆனால் குறுகலான வழியில் திரவத்தின் பாகுத்தன்மை தரும் தடை அதைவிட அதிகமாக ஏறிவிடுகிறது. ஆகவே பலமான இழுப்பு, மெதுவான நகர்வு. விளைவு என்ன தெரியுமா? வாஷ் முதலில் ஒழுங்காகக் கோட்டில் ஓடும். "பளபளப்பு இல்லாமலே வேலை நடக்கிறதே" என்று நீங்கள் மகிழ்வீர்கள். தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் கோட்டின் இருபுறமும் கறுப்பு கசிந்து ஊறியிருக்கும். நான் ஏமாந்தது இப்படித்தான். ஒட்டும் திரவத்தைச் சொரசொரப்பு இன்னும் ஒட்டவைக்கும் என்று ராபர்ட் வென்செல் 1936-இலேயே எழுதிவைத்திருந்தார். நான்தான் படிக்கவில்லை.

பளபளப்பு வார்னிஷ் செய்வது ஒன்றே ஒன்று. உலர்வதற்கு முன் அந்த 2 மைக்ரான் பள்ளங்களையெல்லாம் நிரப்பிச் சமதளமாக்குகிறது. 100 மைக்ரான் கோட்டை மூடும் அளவுக்கு அதில் கனம் இல்லை, மெல்லிசாக அடித்தால். இப்போது இறக்கை முழுவதும் வாஷுக்கு இருக்கும் குறுகலான வழி கோடு மட்டும்தான். வேறு போக்கிடம் கிடையாது.

டீக்காலுக்கும் இதே கதை, ஆனால் அங்கே நாயகன் ஒளி. மேட் பரப்பில் ஒட்டிய டீக்காலைச் சுற்றி வெள்ளி பூத்ததுபோல ஒரு மினுமினுப்பு தெரியும், பார்த்திருப்பீர்கள். அந்தப் படலம் மலை உச்சிகளின் மேல் கூடாரம்போல நிற்கிறது, அடியில் காற்று. படலத்தின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5, காற்றுக்கு 1. இந்த இரண்டும் சந்திக்கும் ஒவ்வொரு எல்லையிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பி வந்துவிடும். அடியில் வார்னிஷும் 1.5 ஆக இருந்து காற்றே இல்லாவிட்டால் எல்லை என்ற ஒன்று ஒளிக்குத் தெரியவே தெரியாது, படலம் மறைந்துவிடும். காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் ஒளி ஊடுருவுவதாக மாறுவதும் இதே காரணத்தால்தான். நார்களுக்கு இடையே இருந்த காற்றை எண்ணெய் வெளியேற்றிவிடுகிறது.

வாஷ் உலரும்போது இன்னொரு வேடிக்கை. கோட்டுக்கு வெளியே சிந்திய சொட்டு உலர்ந்தால் நடுவில் வெளுத்து, விளிம்பில் கறுத்த வளையம் விழும். காபி சிந்திய இடத்தில் விழும் அதே வளையம். சொட்டின் விளிம்பு பரப்பில் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கிறது, அங்கேதான் ஆவியாதல் வேகம். இழந்த திரவத்தை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் வெளியே ஓடுகிறது, போகிற போக்கில் நிறமியையும் அள்ளிக்கொண்டு போய் விளிம்பில் கொட்டுகிறது. இதை விளக்கி சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகனும் குழுவினரும் 1997-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். காபிக் கறையை ஆராயப் பொதுப்பணமா என்று கேட்கும் ஆட்கள் எல்லா நாட்டிலும் உண்டு. இன்று இங்க்ஜெட் அச்சிலும் மின்சுற்றுகளை மையால் அச்சிடுவதிலும் நிறமியைச் சீராகப் படியவைக்கப் போராடுபவர்கள் எல்லோரும் அந்தக் கறையோடுதான் போராடுகிறார்கள். நிதி ஒதுக்கும் மேசையில் உட்கார்ந்து "இதனால் என்ன பயன்?" என்று முதல் கேள்வியாகவே கேட்பவர்களை நான் நம்புவதில்லை. நம் மேசையில் பயன் இதுதான்: வாஷை வெள்ளமாகக் கொட்டாதீர்கள், சிந்தியதை வளையம் இறுகுவதற்குள் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பஞ்சு கோட்டின் ஆழத்துக்குள் எட்டாது, அங்கே இருப்பது பத்திரம். துடைப்பதும் மூக்கிலிருந்து வால் நோக்கி, காற்று ஓடும் திசையில். மிச்சம் இருக்கும் மெல்லிய இழுவல் அழுக்குபோலவே தெரியும்.

அழுக்கு என்றதும் சிலருக்குக் கை நிற்காது. அலுமினிய இறக்கையில் செங்காவித் துரு வைத்திருப்பார்கள்! அலுமினியம் அப்படித் துருப்பிடிக்காது. பெயின்ட் உரிந்தால் வெள்ளி நிறம் தெரியும், அல்லது அடியிலிருக்கும் பிரைமர் தெரியும். துரு வேண்டுமென்றால் எஃகால் ஆன புகைக்குழாயில் வையுங்கள். மஸ்கிட்டோ விமானத்தின் உடலில் வெள்ளி உரிசல் வைத்த மாதிரிகளையும் பார்த்திருக்கிறேன். அந்த விமானத்தின் உடலும் இறக்கையும் மரம். ஸ்பிட்ஃபயரின் வால் சுக்கான் துணி போர்த்தியது, அங்கேயும் உலோகம் தெரிய வழியில்லை. புகைக்கறை கறுப்பாகத்தான் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. அன்றைய பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. எரிபொருளைச் சிக்கனமாக எரித்துக்கொண்டு நெடுந்தூரம் பறந்தால் ஈய உப்புகள் வெளிர்சாம்பலாகப் படியும். எரிபொருள் மிகுந்து எரிந்தால்தான் கரி.

இந்தப் பொழுதுபோக்கின் பெரிய மூடநம்பிக்கை வேறொன்று. "மாதிரிக்கு அசல் நிறத்தை அடிக்காதே, வெளுப்பாக்கி அடி, தூரத்துக் காற்று நிறத்தை வெளுக்கும்" என்பார்கள். 30 சென்டிமீட்டரிலிருந்து பார்க்கும் மாதிரி, 21.6 மீட்டர் தொலைவில் நிற்கும் நிஜ விமானத்துக்குச் சமம். 20 கிலோமீட்டர் வரை தெரியும் ஒரு சாதாரண நாளில், அந்த 21.6 மீட்டர் காற்று நிற வேறுபாட்டைக் குறைப்பது அரை சதவீதம்கூட இல்லை. எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் நிறத்தை வெளுப்பாக்கினால் மாதிரி நன்றாக இருக்கிறது என்பதும் உண்மை. காரணம் காற்று இல்லை, வெளிச்சம். நல்ல வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ், அறைக்குள் சில நூறு. வெளிச்சம் குறைந்தால் அதே நிறம் கண்ணுக்குச் சோபை இழந்து கறுத்துத் தெரியும். இதில் நிறம் சோபை இழப்பதை ஹன்ட் என்பவர் 1952-இல் விவரித்ததால் அதற்கு ஹன்ட் விளைவு என்றே பெயர். வைத்தியம் சரி, சொன்ன வியாதி தப்பு.

சரி, கடைசி மேட் வார்னிஷ். குப்பியை நன்றாகக் குலுக்குங்கள், சிலிக்கா அடியில் தங்கியிருக்கும். குலுக்காவிட்டால் மங்காது, தடிமனாக அடித்தால் வெள்ளைப் பனி படர்ந்துவிடும். வார்னிஷ் உலர உலர வாஷின் கறுப்பு சாம்பலாக இறங்குவதைப் பார்ப்பீர்கள். மேலே புதிதாக முளைத்த மேடுகள் வெள்ளொளியைச் சிதறவிட்டு, எல்லா நிறத்திலும் கொஞ்சம் வெளுப்பைக் கலக்கின்றன. ஆகவே பளபளப்புக் கட்டத்தில் வாஷ் முரட்டுத்தனமாகத் தெரிந்தால் பயந்து தேய்த்துவிடாதீர்கள், அது இன்னும் இறங்கும்.

அப்புறம் விமானியின் கண்ணாடிக் கூண்டில் ஒட்டியிருக்கும் மாஸ்கிங் டேப்பை உரித்துவிடுங்கள். விமானம் முழுக்க ஒளி சிதறிக்கொண்டிருக்க, அந்த ஒரு இடத்தில் மட்டும் உங்கள் மேசை விளக்கு அப்படியே தெரியும்.