‘வா’ என்ற சொல் எப்படிக் கெட்டுப்போகிறது?

எட்டு வார நாய்க்குட்டியைப் பார்த்து ‘வா’ என்றால் காது பறக்க ஓடி வந்து காலடியில் நிற்கும். சொன்னதும் புரிந்துகொண்டதே என்று வீடே பூரித்துப் போகும். அதற்கு இன்னும் எதுவும் புரியவில்லை என்பதே உண்மை. அந்த வயதுக் குட்டி, பழகிய ஆள் எங்கே நகர்ந்தாலும் பின்னாலேயே போகும். ‘வா’ என்பதற்குப் பதிலாகக் ‘கதவு’ என்று கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்கும். ஐந்தாறு மாதம் கழித்து, திறந்தவெளியில் அதே சொல்லை ஆறு முறை கத்தியும் அது திரும்பிப் பார்க்காது. அப்போது ‘திமிர் பிடித்துவிட்டது’ என்கிறார்கள். நடந்தது வேறு. ஒன்று, அந்தச் சொல் அதற்குக் கற்பிக்கப்படவே இல்லை. அல்லது கற்பித்த பிறகு நாமே அதைக் கெடுத்துவிட்டோம்.

நாயின் காதில் ‘வா’ என்பது வெறும் ஓசை. அந்த ஓசைக்குப் பொருள் தருவது அதை அடுத்து வரும் நொடி. ரஷ்ய உடலியல் ஆய்வாளர் இவான் பாவ்லோவின் ஆய்வகத்தில் நாய்கள் உணவு வாய்க்கு வரும் முன்பே, அதைக் கொண்டுவருபவரைக் கண்டதுமே எச்சில் ஊறத் தொடங்கின. எது உணவுக்குச் சற்று முன்னால் தவறாமல் வருகிறதோ, அது உணவின் அறிவிப்பாகிவிடுகிறது. இந்த அறிவிப்பு மூளைக்குள் எப்படிப் பதிகிறது என்பது 1990-களில் நரம்பியல் ஆய்வாளர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த ஆய்வுகளில் தெரிந்தது. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்ததும், மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளை வெளியிடும் செல்கள் துடித்தன. சாறு வருமுன் ஓர் அடையாளம் தவறாமல் வரத் தொடங்கிய பிறகு, துடிப்பு சாற்றை விட்டு அந்த அடையாளத்துக்கு இடம் மாறியது. அடையாளம் வந்தும் சாறு வராவிட்டால், அது வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் செல்களின் துடிப்பு வழக்கத்துக்கும் கீழே இறங்கியது. பொய்த்துப்போன அறிவிப்பை மூளை சும்மா கடந்துபோவதில்லை. அந்த அடையாளத்தின் மதிப்பை ஒரு படி குறைத்துக்கொள்கிறது. ‘வா’ என்று கூப்பிட்டு, வந்த குட்டிக்கு ஒன்றும் தராமல் அனுப்பும் ஒவ்வொரு முறையும் நடப்பது இதுதான்.

ஆகவே கற்பிப்பது ஓட வைப்பதில் தொடங்குவதில்லை. முதல் மூன்று நாள், குட்டி பக்கத்திலேயே இருக்கும்போது சொல்லைச் சொல்லி, ஒரு நொடிக்குள் பட்டாணி அளவு தீனியை வாயில் கொடுத்தால் போதும். ஒரு அமர்வுக்குப் பத்து முறை, நாளுக்கு இரண்டு அமர்வு. ஒன்று முடிய இரண்டு நிமிடம்கூட ஆகாது. தீனி மென்மையாகவும் மணமாகவும் இருக்கட்டும். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி இறைச்சி நன்றாக வேலை செய்யும். பயிற்சித் தீனி நாளின் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல், அந்த அளவை வழக்கமான உணவில் குறைத்துவிட வேண்டும்.

இங்கே பலரும் சறுக்குவது கையில்தான். சொல்லுவதற்கு முன்பே கை பைக்குள் போய்விடுகிறது. குட்டி கையைப் பார்த்துக் கற்கிறது; சொல்லைக் கேட்பதே இல்லை. ஒரு விளைவை ஏற்கெனவே முன்னறிவிக்கும் அடையாளம் ஒன்று இருந்தால், அதோடு சேர்ந்து வரும் புதிய அடையாளத்தை விலங்குகள் பெரும்பாலும் கற்பதில்லை என்று உளவியலாளர் லியான் கமின் 1960-களின் இறுதியில் எலிகளிடம் காட்டினார். கையைத் தொங்கவிட்டபடி சொல்லுங்கள். சொல் முடிந்த பிறகு கை அசையட்டும்.

சொல்லைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். வீட்டில் ஒருவர் ‘வா’ என்பார், இன்னொருவர் ‘வாடா’ என்பார், மூன்றாமவர் ‘இங்க வா’ என்பார். குட்டிக்கு இவை மூன்று வெவ்வேறு ஓசைகள். போதாததற்கு ‘வா, போகலாம்’, ‘உள்ளே வா’ என்று மனிதர்களும் நாள் முழுக்க ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். விளைவு ஏதுமின்றிக் காதில் விழுந்துகொண்டே இருக்கும் ஓசை பின்னணி இரைச்சலாகிவிடும். அதற்குப் பிறகு பொருள் ஏற்றுவது கடினம். பேச்சில் புழங்காத சொல் ஒன்றையோ விசிலையோ தேர்ந்தெடுத்து, வீட்டில் எல்லோரும் அதையே பயன்படுத்துவது நல்லது.

அடுத்து, ஒரே அறைக்குள் இரண்டடி தூரம். குனிந்து உட்கார்ந்து, உடலைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி, ஒரே ஒரு முறை கூப்பிடுங்கள். வந்ததும் கழுத்துப்பட்டையை மெல்லத் தொட்டு, அதன் பிறகு தீனி கொடுத்து, உடனே போக விடுங்கள். தொடுவதை விட்டுவிட்டால் என்னவாகும்? ஓடி வந்து கைக்கு எட்டாத தூரத்தில் நின்று போக்குக் காட்டும் நாயைப் பார்த்திருப்பீர்கள். அதன் அனுபவத்தில், பட்டையைப் பிடிக்கும் கை எப்போதும் விளையாட்டை முடிக்கும் கையாகவே இருந்திருக்கிறது.

தூரம், கவனச் சிதறல் இரண்டையும் ஒரே நாளில் கூட்டக் கூடாது. ஐந்து முறை கூப்பிட்டு ஐந்துக்கும் வந்தால் ஒரு படி ஏறலாம். மூன்று, நான்கு என்றால் அதே படியில் நிற்க வேண்டும். இரண்டோ அதற்குக் குறைவோ என்றால் ஒரு படி இறங்குங்கள். அது குட்டியின் தோல்வி அல்ல, படி உயரமாகிவிட்டது, அவ்வளவே. வெளியே போகும்போது ஐந்து முதல் பத்து மீட்டர் நீளக் கயிற்றை மார்புப் பட்டையில் கட்ட வேண்டும். ஓடும் வேகத்தில் கயிறு முடியும்போது இழுப்பு முழுவதும் விழும் என்பதால் கழுத்துப்பட்டையில் கட்டக் கூடாது. இந்தக் கயிறு குட்டியை இழுத்து வருவதற்கானது அல்ல. கூப்பிட்டும் வராமல் இருப்பதால் கிடைக்கும் பரிசை, அதாவது துரத்தும் சுகத்தையும் மோப்பத்தின் சுகத்தையும், அது கிடைக்காமல் தடுக்கிறது.

தினமும் மணிக்கணக்கில் பயிற்சி தேவையில்லை. கோபன்ஹேகனில் பீகிள் இன நாய்களிடம் செய்து 2008-இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு ஒரு முறை பழக்கிய நாய்கள், ஐந்து முறை பழக்கியவற்றைவிடக் குறைந்த அமர்வுகளிலேயே கற்றுமுடித்தன. நாட்கணக்கில் பார்த்தால் அவற்றுக்கு அதிக காலம் பிடித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் குட்டி கொட்டாவி விட்டு முகத்தைத் திருப்பும்போது ‘இன்னும் ஐந்து முறை’ என்று நீட்டுவதில் லாபமில்லை என்பதற்கு இது போதும்.

இனி, சொல் கெடும் இடத்துக்கு வருவோம். பூங்காவில் இருபது நிமிடம் அலைக்கழித்த பின் நாய் ஒருவழியாக வருகிறது. வந்ததும் திட்டு விழுகிறது. திட்டுபவர் மனதில் அது இருபது நிமிடத்துக்கான தண்டனை. நாய்க்கோ அது கடைசி நொடியின் விளைவு. கடைசி நொடியில் அது செய்தது அருகே வந்தது ஒன்றுதான். அடுத்த முறை அது தலை தாழ்த்தி, காதை மடக்கி, மெதுவாக வருவதைப் பார்த்து ‘செய்த தப்பு அதற்கே தெரிகிறது’ என்று இன்னும் திட்டுகிறார்கள். நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் குற்ற உணர்வு முகம் நாய் தப்பு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து மாறவில்லை. உரிமையாளர் திட்டும்போது கூடியது. அது நம்மைப் படித்து எழுதிய முகம்.

திட்டாதவர்களும் கெடுப்பார்கள். குளிப்பாட்டவும், மருந்து கொடுக்கவும், விளையாட்டை முடித்து வீட்டுக்குக் கிளம்பவும் மட்டுமே கூப்பிட்டால், அன்பான குரலில் கூப்பிட்டாலும் சொல் கசந்துவிடும். பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை தீனி கொடுத்துத் திரும்ப விளையாட அனுப்புங்கள். அப்படி அனுப்புவதே பெரிய பரிசு. விலங்கு அதிகம் விரும்பிச் செய்யும் செயல், குறைவாகச் செய்யும் செயலுக்குப் பரிசாகும் என்பதை உளவியலாளர் டேவிட் பிரெமாக் 1959-லேயே எடுத்துக்காட்டினார். குளிப்பாட்ட வேண்டுமானால் கூப்பிடாமல், நாமே நடந்துபோய் அழைத்து வருவது மேல்.

நன்றாகப் பழகிய குட்டியும் எட்டாம் மாதத்தையொட்டித் தடுமாறும். பிரிட்டனில் வழிகாட்டி நாய்களுக்கான குட்டிகளிடம் செய்து 2020-இல் வெளியான ஆய்வில், ஐந்து மாதத்தில் ‘உட்கார்’ என்றதும் உட்கார்ந்தவை எட்டு மாதத்தில் வளர்ப்பவரின் கட்டளைக்குச் சுணங்கின. அந்நியர் சொன்னபோது அந்தச் சரிவு தெரியவில்லை. இது பருவத்தின் இயல்பு, கடந்துபோகும். அந்த மாதங்களில் மீண்டும் நீளக் கயிற்றைக் கட்டி, இரண்டு படி இறங்கி, தீனியின் தரத்தைக் கூட்டுவது சரியான பதில். குரலை உயர்த்தினால் உள்ளதும் போகும்.

ஆனால் குரல் உயரத்தான் செய்கிறது. இதற்கும் அதே விதிதான் காரணம், இம்முறை பாடம் கற்பது மனிதர். நாய் ஆறாவது கத்தலுக்கு வந்துவிட்டால், வளர்ப்பவரின் மூளையில் ‘கத்தினால் வரும்’ என்று பதிகிறது. சில நாள் மூன்றாவது கத்தலுக்கே வரும், சில நாள் பத்தாவதுக்கும் வராது. இப்படி எப்போதாவது பலன் தரும் பழக்கம்தான் எளிதில் அழியாது. சூதாட்ட இயந்திரத்தை விட்டு எழுந்திருக்க முடியாததும் இதனால்தான். நாயோ, ஆறாவதற்குப் பிறகுதான் காரியம் உண்டு என்று கற்கிறது. இருவரும் ஒருவரையொருவர் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கெட்டுப்போன சொல்லைச் செப்பனிட முயல வேண்டாம். பழைய தொடர்பு அழிவதில்லை, மேலே ஒரு புதிய தொடர்பு படிகிறது, அவ்வளவுதான். அழிந்ததாகத் தோன்றிய எதிர்வினை சில காலம் கழித்துத் தானே தலைகாட்டுவதைப் பாவ்லோவே பார்த்தார். புதிய சொல் ஒன்றை எடுத்து, அறைக்குள், பக்கத்திலிருந்து, முதல் நாளிலிருந்து தொடங்குவதே குறுக்கு வழி. அதைக் கதவுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள், வீட்டில் ஒருவரும் மாற்றிச் சொல்லாதபடி. ஒட்டிய தாளுக்குக் கீழே தீனி டப்பா இருக்கட்டும். வெளியே போய்விட்டு, பையைத் தடவிப் பார்த்து அது காலி என்று தெரிந்தால், அன்றைக்கு அந்தச் சொல்லைச் சொல்லாமல், கயிற்றைப் பிடித்தபடி நாயிடம் நடந்து போங்கள்.